ஒரே குளத்தில் சாதாக் கெண்டை மட்டும் சாகிறது, புல் கெண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை: காரணம் என்ன?

கேள்வி

வணக்கம். சாதாக் கெண்டை, புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை மூன்றையும் ஒரே குளத்தில் வளர்த்து வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன், வெளியிலிருந்து வாங்கிய 200 சாதாக் கெண்டைக் குஞ்சுகளையும் அதே குளத்தில் விட்டேன். ஆறு நாட்களாகச் சாதாக் கெண்டைகள் மட்டும் செத்து மிதக்கின்றன. முதல் நாள் 4, நேற்று 61. சாகும் தறுவாயில் அவை தண்ணீர் விழும் இடத்தில் கூடித் தள்ளாடுகின்றன. கண்கள் குழிந்திருக்கின்றன. செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்கு நடுவே வெளிறிய திட்டுகள் தெரிகின்றன. தோலில் ஓரிடத்தில் சளி திரண்டிருக்கிறது, இன்னோரிடம் உப்புத்தாளைப் போல் சொரசொரக்கிறது. நீரின் வெப்பம் 23 டிகிரி செல்சியஸ். விடியற்காலையில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம். செவுளில் ஒட்டுண்ணிகள் தென்பட்டதால் அதற்கு மருந்திட்டு, தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்கும் கலந்து கொடுத்தேன், சாவு குறையவில்லை. கோளாறு தண்ணீரில் என்றால் மற்ற மீன்களும் சாக வேண்டாமா?

பதில் 1

உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தாலோ நஞ்சு கலந்தாலோ பொதுவாக ஒரே ஓர் இனம் மட்டும் சாகாது. நீங்கள் எழுதியவை கோய் ஹெர்பிஸ் வைரஸ் நோயின் அறிகுறிகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. 1998-இல் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய் சாதாக் கெண்டையையும், அதே இனத்தின் அலங்கார வகையான கோய் மீனையும் மட்டுமே கொத்துக்கொத்தாகக் கொல்கிறது. குளத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் இழந்தவர்கள் உண்டு. புல் கெண்டை எல்லா வைரஸையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அதற்கென்று ஒரு ரியோ வைரஸ் இருக்கிறது, அது வந்தால் அதன் குஞ்சுகள்தான் முதலில் விழும்.

வெப்பநிலையும் ஒரு தடயம். கெண்டைகளுக்கு வரும் மற்றொரு வைரஸ் நோயான வசந்தகால வைரீமியா பொதுவாக 17 டிகிரிக்குக் கீழே தலைகாட்டும். உங்கள் குளத்தின் 23 டிகிரி, ஹெர்பிஸுக்கு ஏற்ற வெப்பம். ஒட்டுண்ணியைப் பார்த்து ஏமாந்தது நீங்கள் மட்டுமல்லர். செவுள் அழுகத் தொடங்கிய பின் அங்கே எதுவும் வந்து ஒட்டும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

ஆயினும் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தள்ளாடும் மீன்களை, அழுகியவற்றை அல்ல, பனிக்கட்டியில் வைத்து மீன்நோய் ஆய்வகத்துக்கு அனுப்பி, செவுளிலும் சிறுநீரகத்திலும் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதுவரை குளத்து நீரை வெளியே விடாதீர்கள். வலையையும் வாளியையும் வேறு குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். புல் கெண்டைகளையும் இடம் மாற்ற வேண்டாம். நோயின்றியே அவை வைரஸைச் சுமக்கக்கூடும்.

கேட்டவர்

சோதனையில் நீங்கள் சொன்ன வைரஸே உறுதியாகிவிட்டது. ஏறத்தாழ 40 சாதாக் கெண்டைகள் பிழைத்து, இப்போது தீவனமும் எடுக்கின்றன. இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் இருப்பதால்தானே பிழைத்தன? தாய்மீன்களாக வைத்துக்கொள்ளலாமா?

பதில் 2

ஆசை நியாயமானது, ஆனால் வைத்துக்கொள்ளாதீர்கள். பிறவியிலேயே தாங்குதிறன் உள்ளவை, தொற்றி மீண்டவை, தொற்றே படாதவை என மூவகையும் அந்த நாற்பதில் கலந்திருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். மீண்டவற்றின் உடலில் வைரஸ் ஒடுங்கிக் கிடந்து, வெப்பநிலை வாகாகும்போதோ, வலைபோட்டு அலைக்கழிக்கும்போதோ மறுபடி வெளிப்படும். நீரை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் சாவு நிற்கும் என்று சிலர் சொல்வதும் இப்படித்தான். சாவு நிற்கும், மீன் நோய் சுமப்பதாகிவிடும்.

தாங்குதிறன் மரபுவழி வருவது உண்மையே. கிழக்காசியாவின் ஆமூர் ஆற்றுக் காட்டுக் கெண்டையின் வழிவந்த கலப்புகள் இந்த ஹெர்பிஸை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன. அட்லாண்டிக் சால்மனில் கணைய அழுகல் வைரஸைத் தாங்கும் திறனின் பெரும்பகுதி ஒரே மரபணுப் பகுதியைச் சார்ந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் முறையான இனத்தேர்வில், ஒரு குடும்பத்தின் குஞ்சுகளில் ஒரு பங்கைத் தனி ஆய்வகத்தில் வைரஸுக்கு உட்படுத்தி, எந்தக் குடும்பம் தாங்கியது என்று பார்த்தபின், வைரஸே படாத உடன்பிறப்புகளைத்தான் தாய்மீனாக்குவார்கள். நோயில் தப்பியவற்றை அல்ல.

குளத்தை முழுவதும் காலிசெய்து, வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பிடுங்கள். அடுத்த முறை வாங்கும் குஞ்சுகளைக் குறைந்தது நான்கு வாரம் தனித்தொட்டியில், 23 அல்லது 24 டிகிரியில் வையுங்கள். குளிர்நீரில் வைத்தால் நோய் ஒளிந்துகொள்ளும், நீங்கள் காத்திருந்தது வீணாகும்.