புதுப்பிப்பு: முட்டைக்கோஸ் பொரியல் தண்ணீர் விடுவது நின்றது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூலைக் குளிருக்கு நான் செய்யும் முட்டைக்கோஸ், காரட் பொரியல் ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் குழைந்து, கந்தக வாடையும் அடிக்கிறதே என்று சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில், நறுக்கிய கோஸில் உப்பைப் பிசிறி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்து பார்த்தேன். தண்ணீர் போனது உண்மைதான், ஆனால் காயின் இனிப்பும் அதோடு போய்விட்டது. பலன் தந்தது இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா சொன்ன வழி: அகலமான சட்டி, மூடி கூடாது, உப்பு கடைசியில்.

அதன்படி 2 மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்ததும் கறிவேப்பிலையையும் கிள்ளிய மிளகாயையும் போட்டு, காரட்டை 3 நிமிடமும், பிறகு அரைக் கிலோ கோஸைச் சேர்த்து 5 நிமிடமும் நல்ல தீயில் கிளறினேன். உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு உடனே இறக்கியபோது, சட்டியில் ஒரு சொட்டு நீர் இல்லை. கோஸின் விளிம்பு லேசாகப் பழுப்பேறி, கடித்தால் நறுக்கென்றிருந்தது. வாடையும் இல்லை, அது நெடுநேரம் வேகவிட்டதால் வந்த வினை.

எதிர்பாராதது ஒன்று: மறுநாள் ஊதாக்கோஸில் செய்தபோது பொரியல் மை கொட்டியதுபோல் நீலமாகிவிட, பிள்ளைகள் தட்டையே தொடவில்லை. எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டதும் செந்நிறம் திரும்பியது. அந்த நிறமி புளிப்பில்தான் சிவக்குமாம்.

ஒரு கிலோவை ஒரே சட்டியில் போட்டால் மறுபடியும் தண்ணீர் விடுகிறது. இரண்டு ஈடாகச் செய்யுங்கள்.