ஹும்மானய: யார் கொடுத்த இரண்டாம் இடம்?

வெள்ளவத்தை வாசகன்:
பொசன் விடுமுறையில் திக்குவல்லைக்கு அப்பால் உள்ள குடாவெல்லவுக்குச் சென்றுவந்த அன்பர் ஒருவர், அங்குள்ள ஹும்மானய ஊதுதுளை (கடலலையின் வேகத்தில் பாறை வெடிப்பு வழியாக நீர் பீய்ச்சியெழும் இடம்) "உலகிலேயே இரண்டாவது பெரியது" என்று நேற்று இங்கே எழுதியிருந்தார். இலங்கையில் பேர்பெற்ற ஊதுதுளை அது ஒன்றுதான் என்று எழுதியிருந்தால் நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். இரண்டாவது என்றால், அளந்தவர் யார்?

தெஹிவளையான்:
அந்த அன்பர் நான்தான். பெயர் சொல்லியே ஏசியிருக்கலாம். முதலாவது அவுஸ்திரேலியாவின் கியாமா, இரண்டாவது ஹும்மானய. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முதலில் காலடியில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு தூரத்தில் யாரோ கூப்பிடுவதைப்போல "ஹூ" என்றொரு நீண்ட ஒலி. அது அடங்குமுன் வெண்ணிறத் தூணாக நீர் எழுந்து, காற்றில் சாய்ந்து, எங்கள் தலைமேலேயே கொட்டியது. மூக்குக்கண்ணாடியில் படிந்த உப்பை மாத்தறை வரும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதுதான்.

கொட்டாஞ்சேனை அக்கா:
நாங்கள் ஜனவரியில் போனோம். நுழைவுச்சீட்டு வாங்கி, கருவாட்டுக் கடைகளைத் தாண்டி, படியேறி, அரை மணி நேரம் வெயிலில் காத்திருந்ததற்குக் கிடைத்தது ஒரு பெருமூச்சு. உலகின் இரண்டாவது பெரிய பெருமூச்சு என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

தெஹிவளையான்:
அக்கா, அலை பாறைக்கு அடியிலுள்ள குகைக்குள் புகுந்து, உள்ளே அகப்பட்ட காற்றை நெருக்க, அந்த நெருக்கமே ஒடுங்கிய வெடிப்பு வழியாக நீரை மேலே தள்ளுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தை விட்டுவிட்டு, கடல் குளம்போலக் கிடக்கும் ஜனவரியில் போய்நின்றது யார் குற்றம்? மாங்காய் இல்லாத மாதத்தில் மாமரத்தோடு சண்டை பிடிப்பதைப்போல இருக்கிறது. ஜனவரியிலும் அது இரண்டாவதுதான்.

வெள்ளவத்தை வாசகன்:
மெக்சிக்கோவின் லா புஃபடோராவையும் இதே "இரண்டாவது" பட்டத்தோடுதான் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். ஒரே ஆசனத்தில் இருவர் எப்படி அமர்ந்திருக்கிறார்கள்?

தெஹிவளையான்:
அதை மெக்சிக்கோக்காரரிடம் கேளுங்கள். எங்களுடையது இரண்டாவது.

பம்பலப்பிட்டி மைத்துனன்:
சிட்னியில் அக்கா வீட்டுக்குப் போனபோது, கடலோடி ஜோர்ஜ் பாஸ் 1797 இல் கண்டு குறித்துவைத்த அந்தக் கியாமாத் துளையையும் பார்த்தேன். தென்கிழக்கிலிருந்து அலை வந்தால்தான் அது எழும்பும் என்றார்கள், அன்று வரவில்லை. சற்றுத் தள்ளியிருந்த சின்னத் துளை அதைவிட நன்றாகப் பீய்ச்சியது. முதலாவதே இப்படியென்றால் இரண்டாவதைப் பற்றி என்ன சொல்ல! ஆனால் என் கவலை வேறு. கரையோரப் பாதையில் போன தெஹிவளையார், 1588 இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் இருந்த தேவிநுவரவைப் பற்றியோ, தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கத்தைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லையே?

தெஹிவளையான்:
நான் எழுதியது ஹும்மானய பற்றி. தேவிநுவரவுக்குத் தனியாக எழுதுவேன். அதற்கும் குறை சொல்ல ஆயத்தமாக இருங்கள். வெள்ளவத்தையாரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஆறு என்று அவர் எழுதியபோது, ஏழு என்று திருத்தியவன் நான்.

வெள்ளவத்தை வாசகன்:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொன்னேன். ஏழு கிணறுகளையும் எண்ணிப் பார்க்கலாம். உங்கள் இரண்டை எப்படி எண்ணுவது?

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பிமாரே, அந்தப் படிகளில் கைபிடித்து ஏற முதியவர்களுக்கு வசதி இருக்கிறதா என்று யாராவது சொல்வீர்களா? அம்மா பார்க்க வேண்டுமென்கிறார்.

தெஹிவளையான்:
ஜூனில் கூட்டிச்செல்லுங்கள் அக்கா. உலகின் இரண்டாவது பெரிய ஊதுதுளையைப் பார்த்ததாக அம்மா ஊரெல்லாம் சொல்லலாம்.

வெள்ளவத்தை வாசகன்:
அக்கா கேட்டது படியைப் பற்றி.