டீம் லீட் ஆன பிறகு என் வேலை மட்டும் நகரவே இல்லை, என்ன செய்வது?

நான்கு மாதம் முன்பு டீம் லீட் ஆனேன், எனக்குக் கீழே ஏழு பேர். காலையில் மூன்று வேலைகளை எழுதி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன், ஆனால் "ஒரு நிமிஷம் பேசலாமா" என்று ஆரம்பித்து மீட்டிங், அப்ரூவல், மெசேஜ் என்று ஓடி, மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் மூன்றும் அப்படியே கிடக்கின்றன. அடுத்த காலாண்டுத் திட்டத்தை மூன்று வாரமாகத் தொடவில்லை. எல்லாமே அவசரம் என்று வந்தால் எதை முதலில் எடுப்பது?

செங்காந்தள்:
முதலில் ஒரு வாரம், அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் பெயரில், வேலைகளை அவசரமா, முக்கியமா என்று பிரித்து நான்கு கட்டம் போடுவார்களே, அவர் 1954-ல் பேசியபோது அதை ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகவே சொன்னார்: அவசரமானவை முக்கியமில்லை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமில்லை. உங்கள் காலாண்டுத் திட்டம் அப்படித்தான். இன்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கிற நாளில் எழுத நேரம் இருக்காது.

நடுப்பகல்:
கட்டம் போட்டால் மட்டும் போதாது. ஏழு பேரும் ஒவ்வொரு முடிவுக்கும் உங்களிடம் வந்தால் எந்தக் கட்டமும் நிற்காது. என் டீமில் ஒருவர் வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு மெயிலையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார், நானும் உட்கார்ந்து காற்புள்ளி திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒன்று சொல்லிவிட்டேன்: தப்பானால் மறுநாள் சரிசெய்ய முடிகிற விஷயம் என்றால் நீங்களே முடிவெடுங்கள், எனக்குத் தகவல் போதும். பணம், ஆள், வாக்குக் கொடுத்த தேதி, இந்த மூன்றுக்கு மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் சில மெயில்கள் சொதப்பலாகத்தான் போயின, வாயை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டமாக இருந்தது, ஆனால் மூன்றாவது வாரம் என் காலைப் பொழுது எனக்குத் திரும்பக் கிடைத்தது.

மழைக்கோடு:
காலை இரண்டு மணி நேரத்தைக் காலண்டரில் அடைத்து வையுங்கள், சரி. ஆனால் யார் வந்து நிற்கிறார் என்று முகத்தைப் பாருங்கள். ஒருவர் "பேசலாமா" என்று வந்தபோது திரையிலிருந்து கண்ணெடுக்காமல் மூன்று மணிக்கு வரச் சொன்னேன். அவர் வரவில்லை. அடுத்த வாரம் ராஜினாமா கடிதம் வந்தது. அது இன்னும் மனசில் இருக்கிறது.

கேட்டவர்:
ஐந்து நாள் குறித்துப் பார்த்தேன். 41 குறுக்கீடு, அதில் 23 ஒரே விதமான அப்ரூவல்! அதை இரண்டு சீனியர்களிடம் கொடுத்துவிட்டேன். இன்று காலை திட்டத்தின் முதல் இரண்டு பக்கம் எழுதியாயிற்று. மழைக்கோடு, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கொஞ்ச நாளாகப் பேச்சே இல்லாமல் இருக்கும் ஒருவரிடம் நாளைக்கு நானே போய்ப் பேசப் போகிறேன்.