ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது?

கேள்வி – தன்னார்வலர், வாலிநோக்கம் பக்கம்
மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்கப் போகும் வீட்டில் ஒரு பாட்டி, பக்கவாதத்தில் படுத்த படுக்கை. 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30, மெதுவாக வேலை செய்வது 70 சதவீதம் கலந்தது), ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டில். காலை 20, ராத்திரி 10. ஃப்ரிட்ஜ் இல்லாததால் மகன் மீன் பெட்டியில் ஐஸ் மேலேயே பாட்டிலை வைக்கிறார். ஒரு வாரமாகச் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. மருந்து கெட்டிருக்குமா?

மருந்தாளுநர், கீழக்கரை
கெட்டிருக்கத்தான் வாய்ப்பு. மீன் பெட்டியில் உப்புத்தண்ணி கலந்த ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போகும். உறைந்து இளகின இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பக் கூடாது. அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்க.

திறந்த பாட்டில் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். திறந்த தேதியை மேலே எழுதுங்க. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஆற்றுமணல். காலையும் மாலையும் மணலில் நல்ல தண்ணி ஊற்றணும். பாட்டிலை மூடியுள்ள டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி. செங்கல் மேல், நிழலில், காற்றுப் படும் இடம். கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும்போது நன்றாகக் குளிரும். கொண்டலில் (கிழக்குக் காற்றில்) காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. திறக்காத பாட்டில்களுக்கு இது போதாது, அவை சுகாதார நிலைய ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

செவிலியர், மண்டபம்
சிரிஞ்சையும் பாருங்க. 40 யூனிட் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டிலுக்கு உரியது. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 30/70ஐக் குலுக்காமல், வெள்ளை சீராகக் கலக்கும்வரை உள்ளங்கையில் உருட்டணும்.

தன்னார்வலர்
பார்த்தேன். ஆரஞ்சு மூடிதான்.

செவிலியர், மண்டபம்
அப்படியானால் அவசரப்படாதீங்க. புதுப் பாட்டிலும் சரியான சிரிஞ்சும் ஒரே நாளில் மாறினால், 8 யூனிட் பழகின உடம்புக்குத் திடீரென 20 போகும். சர்க்கரை சடாரென இறங்கலாம். இன்றைக்கே மருத்துவரிடம் இரண்டையும் சொல்லி, எத்தனை யூனிட்டில் தொடங்குவது என்று கேளுங்க. சாப்பாடு கண்ணில் தெரிந்த பிறகே ஊசி. வேர்வை, நடுக்கம், உளறல் வந்து அளவு 70க்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்க. பக்கவாதம் என்பதால் உட்கார வைத்தே கொடுக்கணும். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.