ஃப்ளாரன்ஸ் + டஸ்கனி பண்ணை வீடு: புதுப்பிப்பு

இத்தாலில ஃப்ளாரன்ஸ் நகரத்தையும், அது இருக்கற டஸ்கனி பகுதில ஒரு கிராமத்து பண்ணை வீட்டையும் ஒரே ட்ரிப்ல சேர்க்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ப்ளான் முடிவாயிடுச்சு. அக்டோபர் கடைசில போறோம், அப்ப அங்க ஆலிவ் அறுவடை நடக்கும், என் வீட்டுக்காரருக்கு அத நேர்ல பாக்கணும்னு ரொம்ப ஆசை.

முதல்ல ஃப்ளாரன்ஸ். உஃபீஸி மியூசியம் திங்கட்கிழமை லீவு, அதனால செவ்வாய்க்கு டிக்கெட் போட்டாச்சு. ஊருக்குள்ள கார் வேண்டவே வேண்டாம், பழைய நகரப் பகுதில பெர்மிட் இல்லாத வண்டி நுழைஞ்சா கேமரா நம்பர் ப்ளேட்ட பிடிச்சு ஃபைன் போட்டுடும், அதான் கிளம்புற அன்னைக்கு காலைலதான் கார் எடுத்துட்டு நேரா பியென்சாங்கற சின்ன ஊர் பக்கம் இருக்கற பண்ணைக்கு போறோம். நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் கட்டாயம் வேணும், நம்ம ஊர்லயே வாங்கிடுங்க. டஸ்கனில இருக்கற இன்னொரு பழைய நகரமான சியன்னாவ ஒரு பகல்ல பாத்துக்கலாம்னு சிலர் சொன்னீங்க, எனக்கு மனசு வரல, அங்க ஒரு ராத்திரி தங்கறோம்.