மீன் ரோபோவுக்குத் தலையாட்டம் நிற்கவில்லை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நான் செய்த மீன் ரோபோ 45 செ.மீ. நீளம், வாலில் மூன்று எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்), நுனியில் 2 மி.மீ. தடிப்பில் சிலிக்கோன் துடுப்பு. வால் நொடிக்கு 2 தடவை போய்வருகிறது, நுனி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 8 செ.மீ.; வேகமோ நொடிக்கு 20 செ.மீ.தான். கணக்குப் போட்டால் ஸ்ட்ரூஹால் எண் (நொடிக்கு எத்தனை வாலடி × வால் வீச்சு ÷ நீந்தும் வேகம்) 0.8. நன்றாக நீந்தும் மீன்களுக்கு 0.2 முதல் 0.4 வரைதான். தலை இருபுறமும் ஆடி, கேமரா படமெல்லாம் குழம்புகிறது.

மூக்கில் 150 கிராம் ஈயம் வைத்ததில் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் மூக்கு கீழே சாய்கிறது. மூன்று சர்வோவும் சேர்ந்து மின்சாரம் இழுத்தால் கட்டுப்பாட்டு போர்டு ரீசெட் ஆகும் தொல்லை, சர்வோக்களுக்குத் தந்த தனி பேட்டரியில் தீர்ந்தது (கிரவுண்ட் ஒயர் மட்டும் பொதுவாக இருக்கணும்).

மூட்டுக்கு மூட்டு பேஸ் வித்தியாசம் (முன் மூட்டின் அசைவுக்கு அடுத்த மூட்டு எவ்வளவு பிந்துகிறது என்பது; ஒரு முழு ஆட்டம் 360 டிகிரி) இப்போது 60 டிகிரி. அதை மாற்றுவதா, துடுப்பைத் தடிப்பாக்குவதா, முன்பக்கம் உயரமான முதுகுத்துடுப்பு வைப்பதா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.