அபாய மண்டலத்துக்கு வெளியே வீடு: வெள்ளக் காப்பீடு வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸின் கெர் கவுண்டியில், குவாடலூப்பே ஆற்றங்கரையிலிருந்து சற்று மேட்டில் வீடு வாங்கவிருக்கிறோம். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமாவின் வரைபடத்தின்படி வெள்ள அபாய மண்டலத்துக்கு வெளியே இருப்பதால் வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை என்கிறது வங்கி. விட்டுவிடலாமா?

பதில் 1: அது கடனுக்கான விதி மட்டுமே, ஆறு வரைபடத்தின் எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. 2025 ஜூலை 4 அதிகாலையில் அங்கே ஒரு மணி நேரத்துக்குள் ஆறு 20 அடிக்கு மேல் உயர்ந்தது. மண்டலத்தின் எல்லையில்கூட வெள்ளம் வர ஆண்டுக்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்பது, 30 ஆண்டுக் கடன் காலத்தில் ஏறத்தாழ 26 விழுக்காடாகிவிடும்.

பதில் 2: வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலரும் பொருட்களுக்கு 1,00,000 டாலரும் உச்ச வரம்பு. பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும் என்பதால், மேகத்தைப் பார்த்துவிட்டு வாங்க முடியாது.

கேள்வி கேட்டவர்: நன்றி. விற்பவரிடம் பழைய வெள்ளச் சேத விவரங்களையும் எழுத்தில் கேட்கிறேன்.